போன காரணம் வேறு, தங்கிய காரணம் வேறு

‘ஐரோப்பிய நாடுகள் எதற்காக அமெரிக்கக் கண்டங்களைக் காலனிகளாக்கின? தங்கம், மதம், புகழ் என்று மூன்று காரணங்களைப் பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அவ்வளவுதானா, அதற்கு மேலும் ஏதாவது உண்டா?’ என்பது கேள்வி.

அந்த மூன்றும் பொய்யல்ல. ஆனால், மூன்றையும் வரிசையாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவருக்கும் விளங்காமல் போகிற செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பியர் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் போன காரணம் வேறு. போன இடத்தில் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் வேரூன்றிய காரணம் வேறு. போனது ஆசியாவைத் தேடி. தங்கியதோ, அங்கே கிடைத்த வெள்ளியையும் மண்ணையும், அவற்றைப் பணமாக்குவதற்கு வலுக்கட்டாயமாக வேலை வாங்கக்கூடிய மனிதர்களையும் கண்டு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான், ஸ்பெயின் ஏன் பேரரசுகளைக் கைப்பற்றியது, பிரான்சு ஏன் நெடுங்காலம் தோல் வணிகத்தோடு நின்றது, இங்கிலாந்து ஏன் குடும்பம் குடும்பமாக ஆட்களை அனுப்பியது என்பதெல்லாம் தெளிவாகும்.

முதலில் புறப்பட்ட கதையைப் பார்ப்போம். 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியர் வசமானது, ஆசிய வணிகவழி அடைபட்டது, அதனால் புதிய வழி தேடினார்கள் என்று பல பாடநூல்கள் சொல்கின்றன. இதை நான் அப்படியே ஏற்பதில்லை. மிளகின் பெரும்பகுதி அந்த நகரத்தின் வழியாக வரவேயில்லை. மலபாரில் ஏற்றிய மிளகு செங்கடல் வழியாக எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போய், அங்கே வெனிஸ் வணிகர்களின் கப்பல்களுக்கு மாறியது. 1453-க்குப் பிறகும் அந்தப் போக்குவரத்து நடந்துகொண்டுதான் இருந்தது. உண்மையான குறை என்னவென்றால், சரக்கு ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறியது. ஏறிய லாபத்தில் ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் இருந்த போர்ச்சுகலுக்கும், இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதியாக இருந்த காஸ்டீல் அரசுக்கும் பங்கு இல்லை. இடையில் இருப்பவர்களைத் தவிர்த்துவிட்டு மிளகு விளையும் இடத்துக்கே போய் வாங்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம்.

போர்ச்சுகல் அதற்காக 1415-இல் வட ஆப்பிரிக்காவின் செயுத்தாவைப் பிடித்ததிலிருந்து ஆப்பிரிக்கக் கரையோரமாகத் தெற்கே தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது. 1488-இல் பார்த்தலோமியோ தியாஸ் அந்தக் கண்டத்தின் தென்முனையைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். கொலம்பஸ் தம் மேற்கு வழித் திட்டத்தை முதலில் எடுத்துச் சென்றது போர்ச்சுகல் மன்னர் இரண்டாம் ஜானிடம்தான். மன்னரின் வல்லுநர்கள் அதை ஏற்கவில்லை. உலகம் தட்டை என்று நம்பியதால் மறுத்தார்கள் என்பது பிற்காலக் கட்டுக்கதை. பூமி உருண்டை என்பது அக்காலத்தில் படித்தவர்களுக்கெல்லாம் தெரிந்த செய்தி. பூமியின் சுற்றளவைக் கொலம்பஸ் மிகவும் குறைவாகக் கணக்கிட்டிருந்தார். அந்தக் கணக்கைத்தான் அவர்கள் மறுத்தார்கள், சரியாகவே மறுத்தார்கள்.

காஸ்டீலின் நிலைமை வேறு. 1479-இல் அல்காசோவாஸ் என்ற ஊரில் செய்துகொண்ட உடன்படிக்கையில், கேனரி தீவுகள் காஸ்டீலுக்கு, அவற்றுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கக் கரை போர்ச்சுகலுக்கு என்று முடிவாகியிருந்தது. தெற்கே போக வழியில்லை. கிழக்கே மத்தியதரைக் கடலில் வெனிஸும் துருக்கியரும் இருந்தார்கள். மிச்சமிருந்தது மேற்குத் திசை ஒன்றுதான். 1492 ஜனவரி 2-ஆம் நாள் கிரானடா வீழ்ந்து, ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள ஐபீரிய மண்ணின் கடைசி முஸ்லிம் அரசு முடிவுக்கு வந்தது. அந்த முற்றுகைக்காகக் கட்டிய பாசறை ஊரான சாந்தா ஃபேயில், ஏப்ரல் 17-ஆம் நாள், அரசி இசபெல்லாவும் அரசர் ஃபெர்டினாண்டும் கொலம்பஸோடு ஒப்பந்தம் செய்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கண்டுபிடிக்கும் இடங்களுக்குக் கொலம்பஸ் கடற்படைத் தலைவர், அரசப் பிரதிநிதி, ஆளுநர். முத்து, மணிகள், பொன், வெள்ளி, வாசனைப் பொருள்கள் என எது கிடைத்தாலும் செலவு போக அதில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. இது ஒரு கூட்டு வணிக ஒப்பந்தம். அரசு அனுமதியும் பட்டமும் கொடுத்தது. பயணத்துக்கு ஆன ஏறக்குறைய 20 லட்சம் மராவெதி நாணயத்தை அரசவையின் நிதியாளர் லூயிஸ் தெ சாந்தாங்கெல் முன்னின்று திரட்டினார். இரண்டு கப்பல்களைப் பாலோஸ் நகரம் தனக்கு விதித்த தண்டமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ‘அனுமதி அரசருடையது, முதலும் உயிரும் உன்னுடையது, வருமானத்தில் அரசருக்குப் பங்கு’ என்ற இந்த ஏற்பாடு அடுத்த நூறாண்டுகளுக்கு ஸ்பானியப் படையெடுப்புகளின் அச்சாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருபவை பல தாமே விளங்கும்.

1492 அக்டோபர் 12-ஆம் நாள் பஹாமா தீவுகளில் ஒன்றில் கரையிறங்கிய கொலம்பஸ், அன்றைய நாட்குறிப்பிலேயே அந்த மக்கள் நல்ல பணியாட்களாவார்கள் என்றும், எளிதில் கிறித்தவர்களாவார்கள் என்றும் எழுதினார். மறுநாள் குறிப்பில், அவர்களுள் சிலர் மூக்கில் சிறு பொன்துண்டு தொங்குவதைக் கண்டு அது எங்கிருந்து வருகிறது என்று கவனமாக விசாரித்ததை எழுதினார். இரண்டே நாள் குறிப்புக்குள் பொன்னும் மதமும் வந்துவிட்டன. கூடவே, பள்ளிப் பாடம் சொல்லாமல் விடுகிற நான்காவது காரணமும் வந்துவிட்டது: வேலை வாங்க ஏற்ற மனிதர்கள். என் கருத்தில் மற்ற மூன்றையும் தாங்கி நிற்பது இந்த நான்காவதுதான்.

அது கொலம்பஸின் மனத்தில் தற்செயலாகத் தோன்றியதன்று. 1478-இல் ஒரு ஜெனோவா வணிகக் குடும்பத்துக்காக மதீரா தீவுக்குச் சர்க்கரை வாங்கப் போனவர் அவர். ஆளில்லாத மதீராவில் போர்ச்சுகீசியர் காட்டை அழித்துக் கரும்பு நட்டார்கள். ஆட்கள் வாழ்ந்த கேனரி தீவுகளில் ஸ்பானியர் பூர்வகுடிகளான குவாஞ்சே மக்களைப் போரில் அடக்கி அடிமையாக்கிக் கரும்பு நட்டார்கள். கடைசித் தீவான டெனெரிஃப் அடங்கியது 1496-இல், அதாவது கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்து நான்கு ஆண்டுகள் கழித்து. காலனி என்ற அமைப்பின் ஒத்திகை அட்லாண்டிக் தீவுகளில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1493-இல் 17 கப்பல்களில் ஏறக்குறைய 1,200 பேருடன் இரண்டாம் முறை புறப்பட்ட கொலம்பஸ், வழியில் கேனரி தீவுகளில் கரும்புக் கரணைகளையும் ஏற்றிக்கொண்டார்.

மிளகும் பட்டும் கிடைக்கவில்லை என்றானதும், வந்த செலவை எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்ற கேள்வி எழுந்தது. இன்று ஹைட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள ஹிஸ்பானியோலா தீவில் கொலம்பஸ் ஒரு வரி விதித்தார். பொன் கிடைக்கும் பகுதிகளில் வாழும் டாய்னோ மக்களில் 14 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சலங்கை நிறையப் பொன்தூள் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வேட்டைப் பருந்தின் காலில் கட்டுவதற்காக ஐரோப்பாவில் செய்த சிறு சலங்கை அது. முதல் பயணத்தில் டாய்னோக்கள் ஆசையோடு கேட்டு வாங்கிய விளையாட்டுப் பொருள், இரண்டே ஆண்டுகளில் அவர்கள் வரி அளக்கும் படியாயிற்று. அந்த ஆற்று மணலில் அவ்வளவு பொன் இல்லை. வரி செலுத்த முடியாதவர்களைத் தண்டித்தும், 1495-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக ஸ்பெயினுக்கு ஏற்றியும் பார்த்தார்கள். தம் குடிகளை அடிமைகளாக விற்பதை இசபெல்லா ஏற்கவில்லை. அதற்கு மாற்றாக வந்ததுதான் என்கோமியெண்டா: இன்ன ஊரின் இன்ன மக்கள் இன்ன ஸ்பானியரின் பொறுப்பு, அவர் அவர்களைக் காத்துக் கிறித்தவம் கற்பிக்க வேண்டும், அவர்கள் அவருக்கு உழைக்க வேண்டும். சட்டத்தில் அடிமைத்தனம் இல்லை, சுரங்கத்தில் இருந்தது. 1514-இல் அந்தத் தீவில் ஸ்பானியருக்குப் பகிர்ந்தளிப்பதற்காகக் கணக்கெடுத்தபோது டாய்னோ மக்கள் ஏறக்குறைய 26,000 பேர்தான் இருந்தார்கள். பெரியம்மை அங்கே பரவியது 1518-இல். ஆகவே, அம்மக்களை நோய் மட்டுமே அழித்தது என்று சொல்வது ஹிஸ்பானியோலாவைப் பொறுத்தவரை பொருந்தாது.

தீவில் ஆளும் பொன்னும் குறையக் குறைய, வந்தவர்கள் அடுத்த இடம் தேடினார்கள். 1511-இல் கியூபா, 1519-இல் மெக்சிகோ, 1532-இல் பெரு என்று அந்த நகர்வு அமைந்ததற்குப் புகழாசை மட்டும் காரணமன்று. மெக்சிகோவை வென்ற கோர்த்தெஸும் பெருவை வென்ற பிசாரோவும் ஸ்பெயினின் வறண்ட பகுதியான எக்ஸ்ட்ரிமதூராவில் பிறந்தவர்கள். பெரிய குடும்பங்களின் நிலம் மூத்த மகனுக்கே போய்ச் சேரும் வழக்கத்தில், இளையவர்களுக்கு மிஞ்சியது குடிப்பெருமையும் வாளும்தான். பிசாரோ முறைப்படி மணவாத தாய்க்குப் பிறந்தவர். கிரானடாப் போர் முடிந்தபின் அத்தகையவர்களுக்கு உள்நாட்டில் வெல்வதற்கு நிலம் இல்லை. கடன் வாங்கி ஆயுதமும் குதிரையும் கப்பலும் தயார் செய்த தலைவன் வெறுங்கையோடு திரும்ப முடியாது. உடன் வந்தவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்கள் அல்லர், பங்குக்கு வந்தவர்கள். பெருவின் கஹமார்காவில் 168 ஸ்பானியர் இன்கா மன்னர் அதாஹுவால்பாவைச் சிறைபிடித்து, ஓர் அறை நிறையப் பொன்னும் இருமடங்கு வெள்ளியும் மீட்புப் பொருளாக வாங்கியபின் அவரைக் கொன்றார்கள். வந்த பொன்னணிகளை உருக்கிக் கட்டியாக்கி, ஐந்தில் ஒரு பங்கை அரசருக்கு எடுத்து வைத்துவிட்டு, குதிரைவீரனுக்குக் காலாள் பெற்றதைப் போல் இரு மடங்கு என்ற விகிதத்தில் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பங்குச் செய்தி ஸ்பெயினை எட்டியதும் அடுத்தடுத்த கப்பல்களில் ஆள் சேர்வதற்கு வேறு தூண்டுதல் தேவைப்படவில்லை.

ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். நோக்கம் இருந்தாலே வெற்றி வந்துவிடாது. 1521 ஆகஸ்ட் 13-ஆம் நாள் ஆஸ்டெக்குகளின் டெனோச்டிட்லான் நகரம் வீழ்ந்தபோது, கோர்த்தெஸின் சில நூறு ஸ்பானியருக்குப் பின்னால் ஆஸ்டெக் ஆட்சியை வெறுத்த ட்லாஸ்காலா முதலிய அரசுகளின் பல்லாயிரம் வீரர்கள் நின்றார்கள். நகரத்துக்குள் பெரியம்மை அதற்கு முந்தைய ஆண்டே புகுந்திருந்தது. ‘ஏன் வந்தார்கள்’ என்பதும் ‘எப்படி வென்றார்கள்’ என்பதும் இரு கேள்விகள். இந்தப் பதில் முதல் கேள்விக்கு உரியது.

மதத்தைப் பற்றிக் கேட்டவர்கள், அது வெறும் போர்வைதானே என்று எண்ணக்கூடும். அப்படி ஒதுக்கிவிட முடியாது. நூற்றாண்டுக் கணக்கில் முஸ்லிம் அரசுகளோடு போரிட்டு நிலம் பெற்ற ஒரு சமூகத்துக்கு, நம்பிக்கையும் நிலமும் ஒன்றாகவே தோன்றின. அதோடு மதம்தான் அவர்களுடைய பட்டா. 1493-இல் போப் ஆறாம் அலெக்சாண்டர் மேற்கே உள்ள நிலங்களைக் காஸ்டீலுக்கு வழங்கி ஆணை வெளியிட்டார். மதம் பரப்புவது அந்த உரிமைக்கு விதித்த கடமை. அடுத்த ஆண்டு டோர்டெசிலாஸ் உடன்படிக்கையில், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் ஒரு கோடு கிழித்து, ஸ்பெயினும் போர்ச்சுகலும் உலகைப் பங்கிட்டுக்கொண்டன. 1513-இலிருந்து ஸ்பானியத் தளபதிகள் தாக்குவதற்கு முன் ஓர் அறிவிப்பைப் படிக்க வேண்டும் என்ற விதி வந்தது. இந்த நிலம் போப்பால் எங்கள் அரசருக்குத் தரப்பட்டது, ஏற்றுக்கொண்டால் நன்று, மறுத்தால் போர் தொடுப்போம், அதில் நேரும் சாவுக்கும் இழப்புக்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். ஸ்பானிய மொழியே தெரியாத மக்களுக்கு, சில இடங்களில் ஆள் ஓடிப்போன வெற்றுக் குடிசைகளுக்கு அதைப் படித்தார்கள். அதைப் பற்றி எழுதிய பாதிரியார் பார்த்தலோமே தெ லாஸ் காசாஸ், சிரிப்பதா அழுவதா என்று தமக்குத் தெரியவில்லை என்றார்.

அதே மதத்திலிருந்துதான் எதிர்ப்பும் வந்தது. 1511-இல் ஹிஸ்பானியோலாவின் சாந்தோ டொமிங்கோவில், ஆளுநரும் என்கோமியெண்டாக்காரர்களும் கூடியிருந்த தேவாலயத்தில் அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்ற துறவி எழுந்து, இவர்களும் மனிதர்கள் அல்லரா என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். லாஸ் காசாஸின் நெடுநாள் முயற்சியால் 1542-இல் புதிய சட்டங்கள் வந்தன. என்கோமியெண்டாவைப் படிப்படியாக ஒழிப்பது அவற்றின் நோக்கம். பெருவில் என்ன நடந்தது தெரியுமா? அந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்த வந்த அரசப் பிரதிநிதியை எதிர்த்துக் குடியேறிகள் கிளர்ந்தெழுந்து, 1546-இல் அவரைப் போர்க்களத்தில் கொன்றே போட்டார்கள். அரசு சட்டத்தைத் தளர்த்தியது. தங்கியதற்கான காரணம் எது என்று யாராவது ஒரே ஒரு சான்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். பிறரின் உழைப்பைக் கையில் வைத்திருந்தவர்கள், அதை விட்டுக்கொடுப்பதைவிடத் தம் அரசரின் பிரதிநிதியைக் கொல்வதற்கே துணிந்தார்கள்.

பொன்னைவிட வெள்ளிதான் பெரிய கதை. 1545-இல் இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், பொடோசி என்ற மலையில் வெள்ளி தென்பட்டது. முதலில் எடுத்த உயர்தரக் கனிமம் தீர்ந்ததும், பாதரசத்தைக் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் முறை கைகொடுத்தது. பாதரசம் பெருவின் ஹுவான்காவெலிகாவிலேயே கிடைத்தது. 1570-களில் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ டோலேடோ, இன்காக்களின் பழைய முறைவேலை வழக்கத்தைத் தமக்கு ஏற்ப மாற்றினார். 16 மாநிலங்களைச் சேர்ந்த ஊர்கள் தம் ஆண்மக்களில் ஏழில் ஒருவரை முறைபோட்டு அனுப்ப வேண்டும். இப்படி ஆண்டுதோறும் 13,000-க்கும் மேற்பட்டோர், பல வேளைகளில் மனைவி மக்களோடும் லாமாக்களோடும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து பொடோசிக்கு வந்தார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கனிமத்தைத் தோல்பையில் சுமந்து, தோலால் முறுக்கிய ஏணிகளில் ஏறி, வியர்வை வழிய வெளியே வந்தவுடன் மலையின் குளிர்காற்று அவர்கள் மேல் அடித்தது. பொடியாக்கிய கனிமத்தோடு பாதரசத்தைக் காலால் மிதித்துக் கலந்தவர்களும் அவர்களே. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மலையடிவார ஊரின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அக்கால ஐரோப்பாவில் அவ்வளவு பெரிய நகரங்கள் வெகு சிலவே.

நம் கரையை இந்தக் கதை தொடும் இடமும் இதுதான். ஐரோப்பியர்களிடம் ஆசியா விரும்பி வாங்கக்கூடிய சரக்கு அதிகம் இல்லை. வெள்ளியை மட்டும் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். மணிலா வழியாகச் சீனாவுக்கும், ஆம்ஸ்டர்டாம், லண்டன் வழியாக இந்தியாவுக்கும் அமெரிக்க வெள்ளி பாய்ந்தது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் துணி வாங்க வந்த கம்பெனிக் கப்பல்கள் இறக்கிய பணத்தில், மெக்சிகோ, பெரு வெள்ளியில் அடித்த ஸ்பானிய ரியால் நாணயங்களுக்கு முக்கிய இடம் உண்டு. ஆசியாவைத் தேடிப் போய் அமெரிக்காவில் முட்டிக்கொண்டவர்களுக்கு, ஆசியாவில் சரக்கு வாங்கும் மூலதனத்தை அமெரிக்காவே கொடுத்தது.

போர்ச்சுகலின் பிரேசில் வேறொரு காரணத்தைக் காட்டுகிறது. 1500-இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்ச்சுகீசியத் தளபதி கப்ராலின் கப்பல்கள் வழியில் பிரேசில் கரையை அடைந்தன. முப்பது ஆண்டுகள் போர்ச்சுகல் அங்கே குடியேறவே முயலவில்லை; சிவப்புச் சாயம் தரும் மரத்தை, ‘டூப்பி’ எனப்படும் அங்குள்ள பூர்வகுடி மக்களிடம் கோடரிக்கும் கத்திக்கும் மாற்றிக்கொண்டு திரும்பினார்கள். கேரளக் கரையின் மிளகு இருக்கையில் பிரேசில் யாருக்கு வேண்டும்? பிரெஞ்சுக் கப்பல்கள் அதே மரத்துக்காக வரத் தொடங்கியபின்தான், குடியேறாவிட்டால் இடம் பறிபோகும் என்று 1532-இல் சாவோ விசென்டே ஊரை நிறுவினார்கள். மற்றவன் பிடித்துவிடுவான் என்ற அச்சம் பல காலனிகளுக்கு வித்திட்டது. ஃப்ளோரிடாவில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டியதால்தான் 1565-இல் ஸ்பெயின் அங்கே செயின்ட் அகஸ்டின் நகரை அமைத்தது. பொருளாதாரத்தில் பயனற்ற ஊர். வெள்ளிக் கப்பல்கள் போகும் வழியைக் காத்தது என்பதே அதன் பயன்.

பிரேசிலில் காலூன்ற வைத்தது சர்க்கரை. கரும்பு தெரிந்த நமக்கு இதை விளக்குவது எளிது. வெட்டிய கரும்பை ஓரிரு நாளுக்குள் ஆலையில் கொடுத்துச் சாறு பிழியாவிட்டால் இனிப்பு கெட்டுவிடும். பிழிந்த சாற்றை உடனே காய்ச்ச வேண்டும். ஆகையால், வயலும் ஆலையும் கொப்பரையும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும். அறுவடை நடக்கும் மாதங்களில் இரவு பகல் முறைபோட்டு வேலை நடக்க வேண்டும். உருளைகளுக்கிடையே கரும்பு கொடுக்கும் தொழிலாளி தூக்கக் கலக்கத்தில் கையைக் கொடுத்துவிட்டால் வெட்டி எடுப்பதற்கென்று, கரீபியத் தீவுகளின் ஆலைகளில் உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு வெட்டுக்கத்தியைத் தயாராக வைத்திருந்தார்கள். அந்த வேலைக்குத் தாமாக விரும்பி யாரும் வரமாட்டார்கள். பூர்வகுடிகள் நோயாலும் கொடுமையாலும் மடிந்தார்கள், அல்லது தெரிந்த காட்டுக்குள் தப்பினார்கள். அதனால் ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை வாங்கி வந்தார்கள். ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடி பேர். உயிரோடு கரையிறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அவர்களில் பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சம் பேர் வந்தார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகள் உள்ள பகுதிக்கு நேரடியாக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. ஆப்பிரிக்காவில் இம்மனிதர்களுக்கு விலையாகக் கொடுத்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிக்கு, அதில் சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கும், பெரும்பங்கு உண்டு. நெய்தவர்களுக்கு அது எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிரான்சையும் டச்சுக்காரர்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1534-இல் பிரெஞ்சு மாலுமி கார்த்தியே கனடாவின் செயின்ட் லாரன்ஸ் விரிகுடாவுக்குள் நுழைந்தது ஆசியாவுக்கு வழி தேடித்தான். கிடைத்தது மீனும், பீவர் என்ற நீர்நிலை விலங்கின் தோலும். ஐரோப்பியத் தொப்பிகள் செய்யும் ஃபெல்ட் துணிக்குப் பீவரின் உள்மயிர்தான் சிறந்தது. அதிலும் பூர்வகுடிகள் குளிர்காலம் முழுவதும் உடுத்திய பழைய தோலுக்கே கூடுதல் மதிப்பு. உடம்பில் உரசி உரசி முரட்டு வெளிமயிர் உதிர்ந்து, மென்மயிர் மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த வணிகத்தில் வேட்டையாடுவதும் பதப்படுத்துவதும் அம்மக்களே ஆகையால், அவர்களை விரட்டுவது பிரான்சுக்கு நட்டம். 1608-இல் கியூபெக் நிறுவப்பட்டு அரை நூற்றாண்டு கழிந்தும், 1663-இல் அங்கிருந்த பிரெஞ்சுக்காரர்கள் ஏறக்குறைய 3,000 பேர்தான். நல்லெண்ணத்தின் அளவைவிட வணிகத்தின் தன்மையே இதைத் தீர்மானித்தது. டச்சுக்காரர்களை முதலில் கரீபியக் கடலுக்கு இழுத்தது உப்பு. ஸ்பெயினோடு போர் மூண்டதால் ஐபீரிய உப்பு தடைபட்டது. ஹெர்ரிங் மீனை உப்பிட்டு விற்றே பிழைத்த நாடு, வெனிசுவேலாவின் அராயா உப்பளங்களுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. 1621-இல் தொடங்கிய அவர்களுடைய மேற்கிந்தியக் கம்பெனிக்கு வணிகத்தோடு, ஸ்பெயினைக் கடலில் தாக்குவதும் தொழில். 1628-இல் அதன் கடற்படைத் தலைவர் பீட் ஹைன் கியூபாவின் கரையில் ஸ்பானிய வெள்ளிக் கப்பல்களை முழுதாகவே கைப்பற்றினார்.

இங்கிலாந்து பிந்தி வந்தது. வந்ததற்கான காரணங்களை அவர்களே எழுதி வைத்தது நமக்கு வசதி. 1584-இல் ரிச்சர்ட் ஹாக்லூட் அரசி எலிசபெத்துக்கு அளித்த நீண்ட விண்ணப்பத்தில் எல்லாம் இருக்கின்றன: வேலையற்றுத் திரிவோருக்கு வேலை, ஆங்கிலக் கம்பளித் துணிக்குச் சந்தை, கப்பல் கட்டத் தேவையான மரமும் தாரும், ஸ்பெயினைத் தாக்கத் தளம், கத்தோலிக்கத்துக்கு எதிராகப் புராட்டஸ்டண்ட் மதம். பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மக்கள்தொகை வேகமாகப் பெருகியது. பொதுநிலங்களை வேலியடைத்து ஆட்டு மேய்ச்சலாக்கியதால் பல குடியானவர்கள் நிலத்தை இழந்தார்கள். ஸ்பெயின் அனுப்பியது பெரும்பாலும் நிலமில்லாத வாள்வீரர்களை. இங்கிலாந்து அனுப்பியது நிலமிழந்த உழவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும். நிலத்துக்காக ஏங்கி வந்தவன், அந்த நிலத்தில் ஏற்கெனவே வாழ்பவனிடம் வேலை வாங்குவதைவிட, அவனை அப்புறப்படுத்தவே விரும்புவான். ஆங்கிலக் காலனிகளின் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் 1607-இல் ஜேம்ஸ்டவுனில் இறங்கிய 104 பேரை அனுப்பிய வர்ஜீனியா கம்பெனி எதிர்பார்த்தது உழவை அன்று. பொன்னையும், ஆசியாவுக்கு ஒரு நீர்வழியையும்தான். இரண்டும் இல்லை. 1609-10 குளிர்காலப் பஞ்சத்தில் குடியேறிகளில் பெரும்பாலோர் இறந்தார்கள்; பிழைத்தவர்கள் ஊரைக் கைவிட்டுக் கப்பலேறி ஆற்றில் இறங்கியபோது, எதிரே புதிய ஆளுநரின் உதவிக் கப்பல்கள் வந்ததால் திரும்பினார்கள். அந்தக் காலனியைக் காப்பாற்றியது புகையிலை. 1612 அளவில் ஜான் ரால்ஃப் கரீபிய வகைப் புகையிலையைப் பயிரிட்டுப் பார்த்தார். சில ஆண்டுகளில் ஊர்த் தெருவில்கூட அதை நட்டார்கள். 1618 முதல், சொந்தச் செலவில் வந்தவருக்கும், அவர் அழைத்துவந்த ஒவ்வோர் ஆளுக்கும் 50 ஏக்கர் என்று நிலம் கொடுத்தார்கள். வழிச்செலவுக்கு ஈடாகச் சில ஆண்டுகள் உழைக்க எழுதிக்கொடுத்த ஏழை ஆங்கிலேயர்கள் முதலில் வந்தார்கள். 1619 ஆகஸ்டில் இருபதுக்கும் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை ஒரு கப்பல் அங்கே விற்றது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் நடந்த அதே பாதைக்கு இங்கிலாந்தும் வந்து சேர்ந்தது.

1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரைச் சுட்டி, வட அமெரிக்கா மதச் சுதந்திரத்துக்காக உருவானது என்பவர்கள் உண்டு. அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் தங்கள் நம்பிக்கைக்காக நாட்டைத் துறந்தவர்கள் என்பது உண்மை. 1630-க்குப் பின் பத்தாண்டுகளில் மாசசூசெட்ஸ் பகுதிக்கு வந்த பல்லாயிரம் தூய்மைவாதிகளிடம் (பியூரிட்டன் என்ற புராட்டஸ்டண்ட் பிரிவினரிடம்) மதம் முதன்மையாக இருந்ததும் உண்மை. எனினும் மேஃப்ளவர் பயணத்துக்குப் பணம் போட்டவர்கள் லண்டன் வணிகர்கள்; அந்தக் கடனை மீனாலும் தோலாலும் அடைக்கப் பல ஆண்டுகளாயின. அவர்கள் வீடு கட்டிய இடம் பட்டுக்செட் என்ற பூர்வகுடி ஊர். சில ஆண்டுகளுக்கு முன் வந்த கொள்ளைநோயில் அங்கிருந்தவர்கள் மாண்டுபோயிருந்தார்கள். உழுது பண்படுத்திய வயல்கள் மட்டும் இருந்தன. குடியேறியவர்களுக்கு மக்காச்சோளம் நடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம், அதே பட்டுக்செட்டில் பிறந்தவர். முன்பு ஓர் ஆங்கிலேயக் கப்பல்தலைவனால் அடிமையாக ஸ்பெயினுக்குக் கடத்தப்பட்டு, இங்கிலாந்து வழியாக ஊர் திரும்பியபோது ஊரில் யாரும் உயிரோடு இல்லை என்று கண்டவர். அவர் ஆங்கிலம் பேசியது எப்படி என்று வியக்கும் குழந்தைகளுக்கு, இந்தப் பின்கதையைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இவ்வளவு காரணங்களில் எது கனமானது என்று எடைபோட ஐரோப்பிய அரசுகளே ஒரு முறை தராசைப் பிடித்தன. பிரிட்டனோடு நடந்த ஏழாண்டுப் போரில் பிரான்சு தோற்றபின், 1763 பாரிஸ் உடன்படிக்கையில், கனடா, கரீபியத்தில் உள்ள குவாதலூப் ஆகிய இரண்டையும் வைத்திருந்த பிரிட்டன் எதைத் திருப்பித் தருவது என்ற கேள்வி எழுந்தது. தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத்தைவிடச் சிறிய அந்தச் சர்க்கரைத் தீவைத் தந்துவிட்டுக் கனடாவைப் பெறுவது சரியா என்று லண்டனில் துண்டுப் பிரசுரங்கள் எழுதி வாதிட்டார்கள். பிரான்சுக்கு அப்படிப்பட்ட தயக்கம் அதிகம் இல்லை. கனடாவை விட்டுக்கொடுத்து, குவாதலூப்பையும் அதன் கரும்பு வயல்களையும், அவற்றில் உழைத்த அடிமைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டது.